கழற்றக் கூடாத பெட்டி

மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமியின் இடுப்பில் அந்தப் பெட்டி விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்துப் பெட்டியை மூடிவிட்டாள். சத்தத்தைத்தான் மூட முடியவில்லை.

பெட்டியைக் காலையில் கட்டிவிட்டுப் போனது சுகாதார மிஸ். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் அடுப்புப் புகையும் தூசியும் எவ்வளவு என்று காற்றை இழுத்து அளக்கும் ஆராய்ச்சியாம்.

“நாளைக்குக் காலமை வரைக்கும் கழட்டிப்போடாதேங்கோ அக்கா, நிப்பாட்டவும் வேண்டாம். நிப்பாட்டினா எல்லாம் வீணாப்போகும். இண்டைக்கு நாலு தோட்டத்தில கட்டுறம்” என்று அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்.

இருபது வருடமாகத் தான் விழுங்கிய புகையை அளந்து பார்க்கவும் ஒருத்தி வந்தாளே என்று நாகலெட்சுமிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மகள் லோஜினியைப் பெண் பார்க்க ராகலையிலிருந்து இன்றைக்கே வருகிறார்கள் என்ற தகவல் அதற்குப் பிறகுதான் வந்தது.

பக்கத்து வீட்டு அழகம்மா சும்மா இருந்திருந்தால் இதையும் சமாளித்திருக்கலாம். போன மாதம் இதே மிஸ் எய்ட்ஸ் பற்றிக் கூட்டம் போட்டு, தொட்டால் வராது, ஒரே கோப்பையில் குடித்தால் வராது என்று தொண்டை வறளச் சொன்னாள். அழகம்மா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவள். சொன்னதெல்லாம் மறந்துவிட்டது, மிஸ்ஸின் முகம் மட்டும் ஞாபகம் இருந்தது.

“அந்த மிஸ்ஸு கட்டுனா அது எய்ட்ஸ் மிஷினாத்தான் இருக்கும்” என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொல்லிவிட்டாள். மத்தியானத்துக்குள் லயமே நாகலெட்சுமியின் வாசலைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கியது. இந்தப் பேச்சு ராகலைக்காரர்கள் காதில் விழுந்தால் லோஜினியின் கல்யாணம் அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் அம்மா காளியாயி சுவரோரமாக உட்கார்ந்தாள். அடுப்பின் சூடு முன்னறை வரை வந்தும் போர்த்தியிருந்த சால்வையை அவள் தளர்த்தவில்லை. லோஜினி நீட்டிய தேத்தண்ணியைக்கூட ஒரு கையால்தான் வாங்கினாள்.

“என்னங்க இது, உர்ருன்னு ஒரு சத்தம்?” என்று கேட்டார் கூட வந்த தரகர் வீரய்யா.

“கூரையில வண்டு இருக்குங்க” என்றாள் நாகலெட்சுமி.

“ஆமா, வண்டுதான். எங்க லயத்துலயும் இருக்கு” என்றாள் காளியாயி, கொஞ்சம் அவசரமாக.

அந்த நேரம் பார்த்து வாசலில் அழகம்மாவின் தலை தெரிந்தது. நாகலெட்சுமி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

மிஸ்ஸின் முகம் கண்முன் வந்தது. அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு பெரிதுதான். பெற்ற பிள்ளையின் வாழ்க்கை அதைவிடப் பெரிது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சை அமுக்கினாள்.

பெட்டி அடங்கியது. உறுமல் மட்டும் அடங்கவில்லை. அது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினாள். குசினி வாசலில் காளியாயி சால்வையை விலக்கிக்கொண்டு நின்றாள்.

“திரும்பப் போட்டு விடுங்க சம்பந்தி. நிறுத்துனா எல்லாம் வீணாப்போயிருமாம்.”