இந்த இடம் புரியவில்லை

"அண்ணே, என் மானத்தை வாங்கிட்டியே!"

அச்சாகி வந்த இலக்கிய இதழின் பதினேழாம் பக்கத்தைப் பார்த்து அலறினாள் தங்கை. அதிலிருந்த அயல்நாட்டுக் கதையை மொழிபெயர்த்தவள் அவள்தான். இதழின் ஆசிரியர் அவளுடைய அண்ணன்.

ஒரு பத்தி எவ்வளவு முட்டி மோதியும் பிடிபடாமல், அங்கேயே அண்ணனுக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள்: 'இந்த இடம் எனக்குப் புரியவில்லை. விட்டுவிடலாமா?'

அண்ணன் அவசரக்குடுக்கை. அதையும் கதையென்று நினைத்து அச்சுக்கு அனுப்பிவிட்டார். கதையில் கணவனும் மனைவியும் புது ஊரில் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். மனைவி சொல்வதுபோல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது குறிப்பு.

"அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடலாம், விடு."

போட விட்டால்தானே? கடிதங்கள் வந்து குவிந்தன. 'அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை' என்றார் ஒரு கவிஞர். ஒரு பேராசிரியர் அந்த வரிக்கு மட்டும் பதினோரு பக்கம் எழுதித் தள்ளியிருந்தார்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "அந்த எழுத்தாளருக்குச் சிறப்பிதழே போடுறோம்! அட்டையில அந்த வரிதான்!"

"ஐயோ, அது நான் உனக்கு எழுதினது!"

"மெதுவாப் பேசு. முதல் கட்டுரை யார் எழுதுறார் தெரியுமா? மூலவர்!"

எதையும் மூலமொழியில்தான் படிப்பேன் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பட்டப்பெயர் வாங்கிய விமர்சகர் அவர். மொழிபெயர்ப்பாளர்களைத் துவைத்துக் காயப்போடுவதில் கில்லாடி. மூலத்தில் இப்படி ஒரு வரியே இல்லை என்று அவர் எழுதிவிட்டால், பத்து வருட உழைப்பும் பேரும் அதோடு காலி.

மாட்டிக்கொள்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று அவருக்குப் போன் போட்டாள்.

"சார், பதினேழாம் பக்கத்துல அந்த வரி..."

"அதைச் சொல்லத்தாம்மா நானே கூப்பிட இருந்தேன்."

மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"தப்பா நினைக்காதம்மா. மத்ததெல்லாம் பரவாயில்ல, அந்த வரியில மட்டும் நீ கோட்டை விட்டுட்டே. மூலத்துல படிச்சப்ப நான் அழுதே விட்டேன்!"