பூத்த கடல்புல்லு

கடல்புல்லு மேய்ஞ்சு குட்டிக்குப் பால் கொடுத்துக்கிட்டிருந்த கடல்பசுவுக்கு அந்த வருஷம் ஒரே சந்தோஷம். புல்லு மேல நீலமும் சிவப்புமா பொடிப்பொடியாப் பூத்திருந்துச்சு.

"அக்கா, அது பூ இல்ல. கரையிலேருந்து வந்த பிளாஸ்டிக் தூளு"ன்னுச்சு பக்கத்துல மேய வந்த ஆமை.

"உனக்கு வயித்தெரிச்சல்டா தம்பி. முன்னல்லாம் நாள் பூரா மேயணும். இப்ப ரெண்டு வாயிலயே வயிறு திம்முனு ஆயிடுது."

ஆமை சுத்தமான புல்லு தேடிப் போச்சு. இருந்தா கிடைச்சிருக்கும்.

குட்டி மடியில முட்டி முட்டிப் பாத்துச்சு. பால் வரல.

"அம்மா, பசிக்குது."

"எனக்கே பசிக்கல. உனக்கு மட்டும் எப்படிடா பசிக்கும்?"

மூணு நாள் கேட்டுச்சு குட்டி. நாலாம் நாள் கேக்கல.

"பாத்தியா, இப்ப உனக்கும் வயிறு நெறைஞ்சிடுச்சு"ன்னு, அசையாம கிடந்த குட்டியை மூக்கால தடவிக் கொடுத்துச்சு கடல்பசு.