கன்னத்துக்கு முதல் பரிசு

தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் சவரிமுத்து, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளியே ஆயுளைச் சொல்லிவிடுவார். ஸ்டெதஸ்கோப் கழுத்துக்கு அழகாகக் கிடந்தது.

கொழுந்தெடுக்கும் காத்தாயி போன மாதம் தன் பத்து மாதப் பிள்ளையோடு வந்து நின்றாள்.

“கண்டி ஆஸ்பத்திரிக்கு மறுபடி போகணுங்க, லீவு வேணும். இந்தக் கடுதாசிய ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க.”

சவரிமுத்து பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார். கை நிறைய வந்தது.

“இவனுக்கா நோய் வருத்தம்? ஒனக்கு மலைக்கு வேலைக்குப் போகச் சோம்பல். போ, போ!”

கடிதம் பிரிக்கப்படாமலே இழுப்பறைக்குள் போனது. அவருக்குத் தெரியாத வைத்தியமா கண்டியில் இருக்கப்போகிறது?

இன்று டிஸ்பென்சரி வாசலில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி. நடுவர் வேறு யார்? முதல் பரிசு காத்தாயி மகனுக்கு. தோட்டத்துத் துரையின் மனைவி துரைசாணி கைதட்டி, பிள்ளைக்கு அப்படி என்னதான் கொடுக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சவரிமுத்து பெருமையோடு அதைக் காத்தாயியிடம் தமிழில் சொன்னார்.

“கண்டியில குடுத்த மாத்திரைதாங்க. அதுவும் தீந்து நாலு நாளாச்சு,” என்றாள் காத்தாயி. “கடுதாசியில எல்லாம் எழுதியிருக்குன்னாங்களே, ஐயா?”

சவரிமுத்து உள்ளே ஓடிப்போய்க் கடிதத்தை முதன்முறையாகப் பிரித்தார்.

“ரத்தப் புற்றுநோய். ஒரு வயதுகூட நிரம்பவில்லை. வெள்ளை அணுக்களோ லட்சத்தைத் தாண்டிவிட்டன. இரண்டுமே கெட்ட அறிகுறிகள். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. மாத்திரையால் கன்னம் உப்பும். அதைப் பார்த்து ஊரார் ஏமாறலாம். மருத்துவம் தெரிந்த தாங்கள் ஏமாறமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.”