வளைவு

தவளைக் கரு இரண்டு செல்லாகப் பிரிந்ததும், இடப்பக்கச் செல்லில் மட்டும் நஸ்ரின் ஊசி போட்டாள். தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம், எங்கே நகர வேண்டும் என்று செல்களுக்குச் சொல்லும் புரதத்தின் வாயைக் கட்டுகிற ஊசி. மறுநாள் வலப்பக்கம் நீண்டிருந்தது. இடப்பக்கம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கரு பிறைபோல் வளைந்துவிட்டது. ஆய்வகம் துடைக்க வந்த செங்கமலம் நுண்ணோக்கியில் கண் வைத்தாள்.

“அடப் பாவமே, ஒரு பக்கம் இழுத்துக்கிச்சா?”

“கோணிப்போச்சுக்கா. கொட்டிரலாம்.”

“கோணல் இல்லம்மா. நல்ல பக்கம் மத்ததை விட்டுட்டுப் போகல, அதான் வளைஞ்சிருக்கு. எங்க வீட்டுக்காரரு கை கால் விழுந்து, ஆறு வருஷமா என்மேல சாஞ்சுதான் நடக்குறாரு. எனக்குத் தெரியாதா?”

கொட்டுவதற்குத் தட்டை எடுத்த நஸ்ரின், செங்கமலத்தின் வலது தோள் இறங்கியிருப்பதை அன்றுதான் பார்த்தாள்.