நாலாவது எதிர்காலம்

மழை விட்ட ஒரு மாலையில், டியூப்லைட்டின் அடியில் பல்லிப் பேராசிரியர் ஈசல்களுக்கு வணிகவியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைய பாடம் தொலைநோக்கு.

"இருபது வருஷம் கழிச்சு உங்க தொழில் எப்படியெல்லாம் இருக்கலாம்? ஆளுக்கு நாலு எதிர்காலம் யோசிச்சு, ஒவ்வொருத்தரா என் பக்கத்துல வந்து சொல்லுங்க" என்றார்.

விடியும்வரை இருப்போமா என்றே தெரியாத அந்த மாணவர்கள் உற்சாகமாக எழுந்து போனார்கள். சொல்லி முடித்த யாரும் இடத்துக்குத் திரும்பவில்லை.

"பார்த்தியா, அவனுக்கும் பிளேஸ்மென்ட் ஆயிடுச்சு" என்று பின்வரிசை பெருமூச்சு விட்டது.

பூவிழி மட்டும் பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் தன் புற்றிலிருந்து படிக்க வந்த முதல் ஈசல். வேலையோடுதான் திரும்பி வரணும் என்று சொல்லி, புற்றே கூடி வழியனுப்பியிருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் பேராசிரியர் கொஞ்சம் பெருத்துப்போவதை அவள் கவனித்துவிட்டாள்.

அவள் முறை வந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஐயா, மூணுதான் யோசிச்சேன். முதலாவதுல உங்க வயித்துல இருக்கேன். ரெண்டாவதுலயும் அங்கேதான். மூணாவதுல தப்பிச்சுப் பறந்து, உங்க தம்பி வயித்துல இருக்கேன்."

நீட்டிய நாக்கைப் பேராசிரியர் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நாலாவது எங்கேம்மா?"

"இன்னும் தோணலைங்க ஐயா."

"அரைகுறை அசைன்மென்ட்டை நான் வாங்குறதே இல்லை. வெளியே போய் முடிச்சுட்டு வா."

பூவிழி ஜன்னல் வழியாகப் பறந்து போனாள்.

பின்வரிசை உச்சுக் கொட்டியது. "பாவம், நல்லாப் படிக்கிற பொண்ணு. அவளுக்கு மட்டும் பிளேஸ்மென்ட் கிடைக்கல."