சாட்சிக்கு ஒரு வேஷ்டி

சாம்பார் அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அனந்தராமன். கல்யாணமான புதிதில்கூட யாரையும் அவர் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில்லை.

வேன் மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு கம்பெனியில் முந்நூறு பேர் மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். சமையல் காண்டிராக்ட் அவருடையது. அதாவது, போர்டில் அவர் பெயர். மற்றதெல்லாம் மனைவி காமாக்ஷி.

வேன் ஓட்டும் கபாலி சம்பளத்தை ஏற்றிக் கேட்டிருந்தான். வழியில் கொட்டுகிற சாம்பாருக்குத் தன் சம்பளத்தில் பிடிப்பதையும் நிறுத்தச் சொல்லியிருந்தான். ரோட்டில் இருக்கிற பள்ளமெல்லாம் நானா வெட்டினேன் என்பது அவன் கேள்வி.

ஒழுங்காக ஓட்டினால் ஏன் கொட்டுகிறது என்பது காமாக்ஷியின் கேள்வி.

இன்று காலை அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கபாலியை எதிரில் வைத்துக்கொண்டே புருஷனிடம் பளிச்சென்று ஒரு வெள்ளை வேஷ்டியை எடுத்துக் கொடுத்தாள்.

"அண்டா பக்கத்துல உக்காந்துண்டு போங்கோ. வேஷ்டில ஒரு சொட்டு படாம ஆத்துக்கு வந்தேள்னா அவன் கேட்டதைக் குடுத்துடலாம். பட்டுடுத்துன்னா அப்புறம் அவன் வாயே தொறக்கப்படாது."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை நம்பி அவள் ஒப்படைத்த முதல் வேலை. அதுவும் வேஷ்டியை நம்பித்தான்.

மந்தைவெளித் திருப்பத்தில் முன்னாலிருந்து குரல் வந்தது.

"நைனா, ரைட்ல ஒடிக்கறேன். ஆடாம குந்திக்கினு இரு."

முதலாளியை நைனா என்கிறானே என்று அனந்தராமனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் ஆடாமல் குந்தினார்.

"அவ்ளோதான் ராசா. தாண்டிக்கினோம்."

அப்போதுதான் புரிந்தது. கபாலி பேசியது அவரோடு இல்லை, அண்டாவோடு. கூட ஓர் ஆள் போடாத வண்டியில் தினமும் வேறு யாரோடு பேசுவான்?

அண்டாவும் சொன்ன பேச்சைக் கேட்டது. பூனை குட்டியைக் கவ்விப் போகிற மாதிரி, பள்ளம் பள்ளமாக வண்டியை நோகாமல் இறக்கி ஏற்றினான் கபாலி. மூடியைச் சுற்றிப் பழைய சைக்கிள் ட்யூபை இழுத்துக் கட்டியிருந்தான். அதுவும் அவன் சொந்த ட்யூப். சாம்பார் உள்ளே முணுமுணுத்ததோடு சரி.

அவன் சீட்டுக்கு அடியில் இன்ஜின் கொதித்தது. ஈரச் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். முந்நூறு பேர் சாப்பாட்டை நேரத்துக்குக் கொண்டுபோகிறவன், அண்டாவைத் திருப்பிக் கொண்டுவந்து கழுவிக் கவிழ்த்துவிட்டு நாலு மணிக்குத்தான் சாப்பிடுவான் என்பது அனந்தராமனுக்கு நினைவு வந்தது. தாம் பத்தரைக்கே சாப்பிட்டு ஏப்பம் விட்டதும் வந்தது.

முன்கண்ணாடி வழியே அடையாறு பாலம் தெரிந்தது. ஜெயித்துவிட்டான் பயல் என்று அவருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

பாலத்து முனையில் ஒரு மீன்காரம்மா, கூடை கவிழ்ந்து, நடுரோட்டில் குனிந்து மீன் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே பஸ்.

கபாலி பிரேக்மேல் ஏறி நின்றான்.

ட்யூபையும் மீறி மூடி நழுவியது. முந்நூறு பேருக்கும் குறை வைக்காத அளவுக்குக் கொஞ்சம் சாம்பார்தான் வெளியே வந்தது. மடியில் விழுந்தபோது அனந்தராமனுக்கு மொத்த அண்டாவும் வந்ததாகப் பட்டது.

கபாலி இறங்கி மீனைப் பொறுக்கிக் கூடையை அவள் தலையில் ஏற்றினான். "இன்னாமே, வூட்ல சொல்ட்டு வந்தியா?"

பிறகுதான் பின்கதவைத் திறந்தான். வேஷ்டியைப் பார்த்தான்.

"சுட்டுக்கிச்சா சாமி?"

"கொட்டலை," என்றார் அனந்தராமன். "புரிஞ்சுதா? ஒரு சொட்டுகூடக் கொட்டலை."

சாப்பாட்டை இறக்கி அண்டா காலியானதும் அடையாறிலேயே ஒரு ஜவுளிக்கடையில் புது வேஷ்டி வாங்கிக் கட்டிக்கொண்டார். பழசாகத் தெரிவதற்காக வழியெல்லாம் அதைக் கசக்கிக்கொண்டே வந்தார். கபாலி அவரோடும் பேசவில்லை, அண்டாவோடும் பேசவில்லை.

வீடு வந்ததும் கபாலி வழக்கம்போல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். அனந்தராமன் வாசலிலேயே நாலு தரம் நடந்து, தொடை எரிச்சல் நடையில் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போனார்.

காமாக்ஷி முன்னால் பார்த்தாள். திரும்பச் சொல்லிப் பின்னால் பார்த்தாள். வேஷ்டி மூலையை விரலால் புரட்டிப் பார்த்தாள். வீட்டுத் துணி ஒவ்வொன்றிலும் சலவைக்காரர் மையால் வைக்கிற குறி அங்கே இருக்கவேண்டும். இல்லை.

புது வேஷ்டியில் குறி இருக்காது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. "ஒரு சொட்டு கொட்டலை, காமு."

"அப்படியா? இப்பத்தான் கபாலி அடுக்களை வாசல்ல வந்து நின்னான். கொட்டிடுத்தாம். உங்களுக்குத் தொடை வெந்திருக்குமாம். எண்ணெய் கேட்டான்."

"இல்லை காமு, மீன்காரி ஒருத்தி குறுக்க..."

"அதை அவன் சொல்லலையே."

அவள் வேஷ்டி மூலையைக் கீழே விட்டாள்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றேள். பொய் சொல்றவாளுக்கு ஏத்திக் குடுக்கறதா இல்லை."

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"அதனால உங்களுக்கு ஒண்ணும் கெடையாது. அவனுக்கு ஏத்திடுங்கோ. பிடிக்கறதும் இனிமே வேண்டாம்."

தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஒரு வாழை இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

நாலு மணி ஆக இன்னும் வெகு நேரம் இருந்தது.