கண் வைக்காத மயில்கள்

புடவைக்கு டிசைன் போடும் ஜெயவேல் இறந்த பிறகு, அவருடைய பழைய லேப்டாப்பை மனைவி பானுப்ரியா ஆரணியிலிருந்த கோகுல்ராஜின் கடைக்குக் கொண்டுவந்தாள். அவன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். கடைசி டிசைன் கிடைத்தது. முந்தானை நிறைய மயில்கள். ஒன்றுக்கும் கண் இல்லை.

“கண்ண கடைசியாதாங்க வைப்பாரு. அதுக்குள்ள போயிட்டாரு.”

ஃபைலைக் காப்பி எடுத்து, டிஸ்கை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினான். திரையில் முதல் மயிலுக்குக் கண் இருந்தது. அடுத்ததற்கும் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. பதறிப்போய் மவுஸ் ஒயரைப் பிடுங்கினான். மூன்றாவது மயிலும் விழித்தது. கரண்டை நிறுத்தக் கை நீட்டினான்.

“வாணாங்க,” என்றாள் பானுப்ரியா. “வேலை செஞ்சிகினு இருக்கும்போது நிறுத்துனா கோவம் வரும் அவருக்கு. முடிச்சிட்டுதான் எழுந்துப்பாரு.”

அதற்குள் ஒரே ஒரு மயில்தான் பாக்கி இருந்தது.